பாய்ஸ் டவுன், ஒமாஹா: தபால் ஸ்டாம்ப் ஒட்டி செஞ்ச உருண்டைய பாக்க மட்டும் போகாதீங்க

அமெரிக்கால நெப்ராஸ்கா மாநிலத்துல இருக்குற ஒமாஹாவுக்கு ஊர்லேர்ந்து யாராவது வந்தா நம்ம ஆளுங்க கூட்டிட்டு போற எடம் ரெண்டுதான், ஒன்னு ஜூ, இன்னொன்னு கோடீஸ்வர முதலீட்டாளர் வாரன் பஃபெட் வீடு இருக்குற தெரு. பாய்ஸ் டவுன் போலாமேன்னு சொன்னா "அது ஆதரவில்லாத பசங்க ஹோம் தானே, அங்க போய் என்ன பாக்குறது"ன்னு கேக்குறாங்க. அந்த ஹோம் எப்படி நடக்குதுன்னு பாக்கத்தாங்க போகணும். அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம், இது ஒரு காம்பவுண்டுக்குள்ள இருக்குற ஹாஸ்டல் இல்ல, நிஜமாவே ஒரு கிராமம். 1936ல நெப்ராஸ்கா மாநிலத்துல தனி கிராமமாவே பதிவு பண்ணிட்டாங்க. தனி போஸ்ட் ஆபிஸ், தனி போலீஸ், தனி ஃபயர் ஸ்டேஷன், ஸ்கூல், கத்தோலிக்க சர்ச் ஒன்னு, ப்ராட்டஸ்டன்ட் சர்ச் ஒன்னு, ஒரு ஏரி, சுத்தி புல்வெளியும் நெலமும். மொத்த ஜனத்தொகை ஆயிரம் கூட கிடையாது. வீட்டுல இருக்க வழியில்லாத, இல்ல வீட்டுல இருந்து ரொம்ப சிக்கல்ல மாட்டிக்கிட்ட பசங்களுக்காக மட்டுமே உருவான ஊரு. ஒரு காலத்துல ஊருக்கு வெளிய 10 மைல் தள்ளி இருந்த பண்ணை, இப்ப ஒமாஹா வளந்து வளந்து சுத்தி வளைச்சிருச்சு, ஆனா வெஸ்ட் டாட்ஜ் ரோட்லேர்ந்து உள்ள திரும்பின உடனே ட்ராஃபிக் சத்தம் கொறைஞ்சு மரமும் வெட்டவெளியுமா வேற மாதிரி ஆயிடும்.

மியூசியத்துல ஆரம்பிங்க. ஹால் ஆஃப் ஹிஸ்டரின்னு பேரு, என்ட்ரி ஃப்ரீ. ஃபாதர் ஃப்ளனகன்னு அயர்லாந்துல பொறந்த ஒரு பாதிரியார், ஒமாஹால வேலையில்லாம வீடில்லாம சுத்துற ஆம்பளைங்களுக்கு தங்க எடம் நடத்திக்கிட்டு இருந்திருக்காரு. அவங்ககிட்ட பேச பேச ஒன்னு புரிஞ்சிருக்கு, இவங்க எல்லாருமே சின்ன வயசுலயே கவனிக்க ஆளில்லாம போனவங்க, இந்த வயசுல புடிச்சு திருத்துறத விட பத்து வயசுலயே கை குடுத்தா இங்க வந்து நிக்கவே மாட்டாங்கன்னு. 1917 டிசம்பர்ல கடனா வாங்குன 90 டாலர்ல ஒரு பழைய வீட்ட வாடகைக்கு எடுத்து அஞ்சு பசங்களோட ஆரம்பிச்சிருக்காரு. அந்த வீடு இருந்தது 25வது தெருவும் டாட்ஜ் தெருவும் சேர்ற எடத்துல, அதாவது நாம இப்ப தினமும் ஆபிஸ் போற அதே டாட்ஜ்தான், நேரா மேற்கால போனா பாய்ஸ் டவுன் வந்துடும். அந்த மொத கிறிஸ்துமஸுக்கு சாப்பிட பெருசா ஒன்னும் இல்ல, யாரோ ஒரு பீப்பாய் புளிக்க வச்ச முட்டைக்கோஸ் அனுப்பியிருக்காங்க, அதான் விருந்து. பசங்க கூட்டம் வேகமா பெருகி எடம் பத்தாம போய் 1921ல ஓவர்லுக் ஃபார்ம்னு 160 ஏக்கர் பண்ணைய வாங்கி எல்லாரையும் அங்க கொண்டு போயிட்டாரு. கறுப்பு, வெள்ளை, யூதர், கத்தோலிக்கர்னு எதுவும் பாக்காம ஒரே மேசையில ஒக்கார வச்சிருக்காரு, அது 1920கள்ல அமெரிக்கால சாதாரண விஷயமே இல்ல, மெரட்டல் எல்லாம் வந்திருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பானிய அமெரிக்கர்கள கேம்ப்ல அடைச்சு வச்சப்ப அங்கேர்ந்து பல பேர வெளிய எடுத்து இங்க வேலையும் வீடும் குடுத்திருக்காரு. 1946ல சொந்த நாடு அயர்லாந்துக்கு போனப்போ அங்க பசங்கள அடிச்சு வளக்குற சீர்திருத்தப் பள்ளிகள பத்தி பப்ளிக்காவே கண்டிச்சு பேசியிருக்காரு, அரசாங்கத்துக்கே கோவம். எனக்கு அவர் மேல மரியாதை வந்தது இதுலதான், தன் ஆளுங்க தன் சபைன்னு மூடி மறைக்கல பாருங்க.

அதே மியூசியத்துல ஒரு ஆஸ்கர் சிலையும் இருக்கு. 'பாய்ஸ் டவுன்'ங்கிற ஹாலிவுட் படத்துல ஃப்ளனகனா நடிச்சதுக்காக நடிகர் ஸ்பென்சர் ட்ரேசிக்கு கெடச்சது, அவரு அத ஃபாதர்கிட்டயே குடுத்துட்டாரு. கண்ணாடிக்கு பின்னாடி ஒரு முழம் தூரத்துல ஆஸ்கர பாக்குறது வேற எங்க கெடைக்கும், சினிமா பைத்தியம் யாராவது வீட்ல இருந்தா கண்டிப்பா காட்டுங்க.

இப்ப முக்கியமான விஷயம். மியூசியம் முடிச்சுட்டு எல்லாரும் கெளம்பிடுறாங்க, நீங்க அப்படி பண்ணாதீங்க, வண்டிய மெதுவா ஓட்டிட்டு பசங்க இருக்குற வீடுங்க பக்கம் ஒரு ரவுண்டு போங்க. பாக்க ஒன்னுமே இல்லாத மாதிரி தெரியும், பெரிய பெரிய வீடு, வாசல்ல வேன், ஒரு பாஸ்கெட்பால் போஸ்ட், சாதாரண அமெரிக்கன் சபர்ப் மாதிரியேதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் கல்யாணமான ஒரு ஜோடி, ஃபேமிலி டீச்சர்ஸ்னு சொல்றாங்க, ஆறுலேர்ந்து எட்டு பசங்களோட ஒரே குடும்பமா இருக்காங்க. வேலை முடிஞ்சதும் வேற வீட்டுக்கு போறவங்க இல்ல, அதான் அவங்க வீடே, சொந்த புள்ளைங்களும் அதே வீட்டுலதான் வளருது. சேந்து சமைச்சு சேந்து சாப்பிட்டு வீட்டு வேலைய பிரிச்சு செஞ்சு, ஒருத்தர்கிட்ட எப்படி கண்ண பாத்து பேசணும், 'முடியாது'ன்னு யாராவது சொன்னா கத்தாம எப்படி எடுத்துக்கணும்ங்கிற வரைக்கும் ஒன்னொன்னா சொல்லித்தராங்க. நல்லா நடந்துக்கிட்டா பாயின்ட் ஏறும், சொதப்புனா கொறையும். பசங்களே ஓட்டு போட்டு தங்களுக்குள்ள ஒரு மேயர தேர்ந்தெடுக்குறதும் 1920கள்லேர்ந்து நடக்குது.

இந்த வீட்டு முறை ஆரம்பத்துலேர்ந்து இருந்தது இல்ல, எப்படி வந்துச்சுங்கிறத தெரிஞ்சுக்கிட்டு போனாதான் அந்த தெருவோட அருமை புரியும். 1948ல ஃப்ளனகன் பெர்லின்ல ஹார்ட் அட்டாக்ல எறந்த பிறகு எடம் பெருசாகி பெருசாகி நூத்துக்கணக்குல பசங்க டார்மிட்டரில இருந்தாங்க. எங்ககிட்ட காசில்ல உதவுங்கன்னு வருஷா வருஷம் நாடு பூரா கோடிக்கணக்குல லெட்டர் போயிக்கிட்டே இருந்துச்சு. 1972ல ஒமாஹா சன்னு ஒரு சின்ன வாரப்பத்திரிகை, அப்ப அது பஃபெட்டோடது, வரி கணக்குகள தோண்டி எடுத்து பாய்ஸ் டவுன்கிட்ட 20 கோடி டாலருக்கு மேல சொத்து இருக்குன்னு போட்டு ஒடைச்சிடுச்சு. அந்த செய்திக்கு அடுத்த வருஷம் பத்திரிகைக்காரங்களுக்கு குடுக்குற பெரிய பரிசான புலிட்சரே கெடச்சது. அந்த அடி விழுந்த பிறகுதான் பணம் வேலை செய்ய ஆரம்பிச்சுச்சுன்னு நான் நெனைக்கிறேன். டார்மிட்டரி போய் வீடுங்க வந்துச்சு, 1977ல காது கேக்குறதுல, பேசுறதுல பிரச்சனை இருக்குற கொழந்தைங்களுக்கு ஆராய்ச்சி ஆஸ்பத்திரி தொறந்தாங்க, 1979ல பொண்ணுங்களையும் சேத்துக்கிட்டாங்க. ஒரு தர்ம ஸ்தாபனத்த கேள்வி கேட்டா புண்ணிய காரியத்துக்கு கெட்ட பேருன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க இல்ல, இங்க கேள்வி கேட்டதாலதான் புள்ளைங்களுக்கு வீடு கெடச்சுது.

மத்தபடி அண்ணன் தம்பிய தூக்கிட்டு நிக்குற சிலை இருக்கு, எல்லாரும் போட்டோ எடுக்குற எடம் அதான். நடக்க முடியாத ஒரு பையன மத்த பசங்க மாத்தி மாத்தி முதுகுல சுமந்துட்டு போனதா 1918லேர்ந்து ஒரு கதை சொல்றாங்க. ஃப்ளனகன் கல்லறை டவுட் சேப்பல்ங்கிற அந்த கத்தோலிக்க சர்ச்சுக்குள்ள இருக்கு, பூசை நேரம் பாத்துட்டு போங்க. அப்பறம் அந்த ஸ்டாம்ப் உருண்டை! 1950கள்ல ஸ்டாம்ப் கிளப் பசங்க ஒன்னு மேல ஒன்னா ஒட்டி ஒட்டி 32 இஞ்ச் அகலம், 600 பவுண்டு கனத்துக்கு கொண்டு வந்திருக்காங்க. கிட்ட போய் பாத்தா பல்லு பல்லா ஓரம் தெரியுற சின்ன சின்ன ஸ்டாம்ப், ஒவ்வொன்னையும் ஒரு பையன் ஒக்காந்து ஒட்டியிருக்கான். சின்ன புள்ளைங்களுக்கு ரொம்ப புடிக்கும், அஞ்சு நிமிஷம் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அங்க இருக்குறது நெஜமான புள்ளைங்க, காட்சிப்பொருள் இல்ல. ஸ்கூல் விட்டு நடந்து வர்ற பசங்கள போட்டோ எடுக்குறது, நிறுத்தி "ஏம்ப்பா இங்க வந்த"ன்னு கேக்குறது, "பாவம்"னு சத்தமா சொல்றது எதுவும் வேணாம், தமிழ்ல சொன்னாலும் மொகத்த பாத்தாலே அவங்களுக்கு புரியும். வீடுங்க வாசல்ல வண்டிய நிறுத்தாதீங்க. யாராவது ஹாய் சொன்னா நல்லா சிரிச்சு ஹாய் சொல்லுங்க. உங்க வீட்டு டீனேஜ் புள்ளைய அழைச்சிட்டு போறீங்கன்னா "பாரு நீ எவ்ளோ குடுத்து வச்சவ"ன்னு பாடம் எடுக்காதீங்க, சும்மா கூட்டிட்டு போங்க, கேள்வி தன்னால வரும்.

பாதி நாள் ஒதுக்குங்க. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் நல்லா நடக்கலாம், ஜனவரி காத்துல அந்த வெட்டவெளில வயசான அப்பா அம்மாவால தாங்க முடியாது, அந்த மாசம் வந்தாங்கன்னா மியூசியம் மட்டும் பாத்துட்டு வீடுங்க இருக்குற தெருவுக்கு காரவிட்டு எறங்காம போயிட்டு வாங்க.