எங்கும் போகும் மெட்டல் பிரிண்டர், கூட வராத ஆர்கான்

லேசர் தலையின் பாதுகாப்புக் கண்ணாடியைப் போன வாரம் மாற்றியாகிவிட்டது, மெஷின் ஓடுகிறது. கண்ணாடி மேல் எனக்குப் புகார் இல்லை, தெறிப்பைத் தாங்கிக்கொண்டு சாகத்தான் அது இருக்கிறது. என் எரிச்சல் முழுக்க ஆர்கான் மேல், உருகும் உலோகத்தில் காற்று படாமல் காக்கிற வாயு அது.

கன்டெய்னருக்குள் வைத்து வாடிக்கையாளர் இடத்துக்கே கொண்டுபோகிற ஒயர்-லேசர் வகை இது, உலோகக் கம்பியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகப் பாகம் செய்யும். விண்வெளி, பாதுகாப்புத் துறை வேலைகளுக்கு பிராக்கெட், ஃபிளாஞ்ச் என்று செய்கிறோம், பெரும்பாலும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விற்றவர் "கரன்ட் இருந்தால் போதும் சார்" என்றார். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 7 கன மீட்டர் சிலிண்டர் 8 மணி நேரம்கூடத் தாங்காது, அதை அவர் சொல்லவில்லை. ஊருக்குள் என்றால் ஒரு போன் போதும். எங்கோ ஒரு சோதனைத் தளத்தில், ஞாயிற்றுக்கிழமை, பாதி ஜாபில் பிரஷர் இறங்கினால்? நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாம்தான், ஆனால் நின்ற இடம் எக்ஸ்ரேயில் தெரிந்தால் விண்வெளிக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள், முழுதும் ஸ்கிராப். டைட்டானியம் பற்றிப் பேசவே வேண்டாம், சூட்டில் ஆக்சிஜனைக் குடித்துவிட்டு அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ஆஸ்திரேலிய ராணுவம் 2020இல் வடக்குப் பிரதேசத்தில் சோதித்த மெஷினைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அது உலோகத்தை உருக்குவதே இல்லை, பொடியை அசுர வேகத்தில் அடித்து ஒட்ட வைக்கிறது, ஆர்கான் தொல்லை கிடையாது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஒயர் என்பது பெரிய நிம்மதி. லேசர் பவுடர் மெஷின்காரர்கள் ஈரப்பதம், சல்லடை, தீ பயம் என்று அலைகிறார்கள், நான் ஸ்பூலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவேன். இஸ்ரோவின் பிஎஸ்4 எஞ்ஜினை (பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் எரிவது) 14 பாகத்துக்குப் பதில் ஒரே பாகமாகப் பவுடரில் அச்சடித்து, 2024 மே மாதம் மகேந்திரகிரியில் 665 விநாடி எரித்துப் பார்த்தார்களே, அந்த நுணுக்கம் இதில் வராது, சொரசொரப்பாகத்தான் வரும், கடைசல் வேலை பாக்கி இருக்கும். ஆனால் வெல்டிங் பலம் என்றால் பலம்! 2022இல் அமெரிக்கக் கடற்படை பட்டான் என்ற கப்பலில் ஏற்றியதும் இதே வகைதான், சும்மா ஏற்றியிருக்க மாட்டார்கள்.

விலை இறங்கியிருக்கிறதாமே, வாங்கலாமா என்று ஓசூர் நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். என்னுடையதைக் கொடுப்பீர்களா என்றார், அதுவும் முடியாது என்றேன். வாங்கியே தீருவீர்கள் என்றால், ஒரு சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததற்குத் தானாக மாறுகிற மேனிஃபோல்டை, அதாவது இரண்டையும் சேர்க்கிற குழாய் இணைப்பை, அதே பில்லில் போடச் சொல்லுங்கள். பின்னால் தனியாகக் கேட்டதற்கு எனக்குச் சொன்ன விலைக்கு இன்னொரு லேத்தே வாங்கலாம்.