மலைப்பாம்பு எலியைத் தொடவில்லை: காத்திருப்பதா, உயிருள்ள எலியைக் கொடுப்பதா?

கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளைச் சேர்ந்த மலைப்பாம்பு பால் பைத்தான் (ball python). பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் நிறையவே வளர்க்கிறார்கள். இது சாப்பிட மறுத்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது, வழக்கமாகக் கொடுக்கும் உறையவைத்த செத்த எலிக்குப் பதில் உயிருள்ள எலியை விட்டுப் பார்க்கலாம் என்பதுதான்.

அது சில சமயம் பலிக்கும். அசைவும் உடல்சூடும் பாம்பைத் தூண்டும். ஆனால் பசியில்லாத பாம்போடு விடப்பட்ட எலி சும்மா இருக்காது. பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும், அந்தக் காயம் சீழ்பிடிக்கும். சூடுதான் வேண்டுமென்றால், உறைநீக்கிய எலியை வெந்நீரில் வைத்து இடுக்கியால் காட்டினாலே போதும். பாம்பின் உதட்டிலுள்ள வெப்பக்குழிகள் அதை உணர்ந்துவிடும்.

என் ஓட்டு காத்திருப்பதற்கே. வளர்ந்த பால் பைத்தான் குளிர்காலத்திலும் இனப்பெருக்கக் காலத்திலும் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். ஆனால் காத்திருப்பது என்றால் கைகட்டி உட்காருவது இல்லை. வெப்பமான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா, உடலோடு ஒட்டிய இறுக்கமான மறைவிடம் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் எடுப்பதை நிறுத்துங்கள். தினமும் எலியைக் காட்டித் தொந்தரவு செய்யாமல், 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை காட்டுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சில் சீறல் கேட்டாலோ, வாயில் சளி தெரிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். குஞ்சுகளுக்கு இவ்வளவு பொறுமை கூடாது, சீக்கிரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.