ட்ரேட் மெஷின்: சூப்பர் ஸ்டார் நம்ம டீமுக்கு வருவாரா?

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவின் ரசிகர்களுக்கு நெட்டில் காசில்லாமல் கிடைப்பவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது ட்ரேட் மெஷின். ஸ்போர்ட்ஸ் சேனல் இஎஸ்பிஎன் நடத்துவதுதான் பிரபலம். அதே வேலையைச் செய்யும் வேறு சில சைட்டுகளும் இருக்கின்றன. எந்த அணி யாரைக் கொடுத்து யாரை வாங்குகிறது என்று நாம் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு பக்கச் சம்பளத்தையும் கூட்டி, லீக் விதிப்படி அது செல்லுமா செல்லாதா என்று சொல்லிவிடும்; செல்லும் என்றால் பச்சை, செல்லாது என்றால் சிவப்பு. இன்ன சைட் நல்லது, இன்னது மோசம் என்று மார்க் போட நான் இதை எழுதவில்லை. இந்த மாதிரிக் கருவி எதற்கு உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பது நம் ஏரியாப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குத் தண்டையார்பேட்டை. வேலை செகண்ட் லைன் பீச்சில் ஒரு கிளியரிங் ஆபீஸில். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்து மைதானத்தின் சிமென்ட் கோர்ட்டில் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லித் தருகிறேன். வட சென்னை என்றாலே ஃபுட்பால், பாக்ஸிங், கேரம் என்றுதான் எழுதுவார்கள். பெரம்பூர் பக்கம் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் ஆட்களின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். எங்கள் கோர்ட்டில் பாதிப் பேர் போட்டிருப்பது வண்ணாரப்பேட்டையில் வாங்கிய லேக்கர்ஸ் ஜெர்சி, முதுகில் லூகா டான்சிச்சின் 77. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது பேச்சு முழுக்க ட்ரேட் பற்றித்தான். யார் எங்கே போவார், யாரைக் கொடுத்து யாரைத் தூக்கலாம். அந்தப் பேச்சுக்கு ஒரு கணக்கைக் கொண்டு வந்ததுதான் இந்த மெஷின் எங்களுக்குச் செய்த பெரிய உபகாரம்.

ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன். 2025-26 சீசனில் மில்வாக்கி அணியின் சூப்பர் ஸ்டார் யானிஸ் அன்டெட்டோகும்போவைப் பற்றி ஓயாத வதந்தி. மில்வாக்கியும் நியூயார்க் நிக்ஸும் அவரைப் பற்றிப் பேசிப் பார்த்ததாகவே செய்தி வந்தது. எங்கள் கோர்ட்டில் நிக்ஸ் ஆட்டக்காரர் பிரன்சன் மேல் பைத்தியமான ஒரு பெண் இருக்கிறாள், பத்தாவது படிக்கிறாள், நிக்ஸ் என்றால் உயிர். "டவுன்ஸைக் குடுத்துட்டு யானிஸைத் தூக்கிரலாம்லக்கா, ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒண்ணுதானே?" என்றாள். கேள்வி நல்ல கேள்வி. அந்த சீசனில் யானிஸுக்கு 5 கோடியே 41 லட்சம் டாலர். நிக்ஸின் கார்ல்-ஆன்டனி டவுன்ஸுக்கு 5 கோடியே 31 லட்சம். இவ்வளவு பெரிய தொகையில் 10 லட்சம் டாலர் ஒரு வித்தியாசமா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போனில் போட்டோம். சிவப்பு.

ஏன் என்று பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த சீசனுக்கு ஒரு அணிக்கு லீக் வைத்த மொத்தச் சம்பள வரம்பு 15 கோடியே 46 லட்சம் டாலர். அதைத் தாண்டலாம், ஆனால் தாண்டத் தாண்டக் கைகள் கட்டப்படும். 19 கோடியே 59 லட்சத்தில் ஒரு கோடு, அதற்கு முதல் ஏப்ரன் என்று பெயர். 20 கோடியே 78 லட்சத்தில் இன்னொரு கோடு, இரண்டாவது ஏப்ரன். முதல் கோட்டுக்கு மேலே நிற்கும் அணி, ட்ரேடில் அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. இரண்டாவது கோட்டுக்கும் மேலே போய்விட்டால், இரண்டு மூன்று ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்குவதும் கிடையாது. நிக்ஸ் அப்போது இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி நின்றார்கள். ஆகவே ஒருவருக்கு ஒருவர் என்றால் அந்த 10 லட்சமே வழியை அடைத்துவிடும். டவுன்ஸோடு சின்னச் சம்பளக்காரர் ஒருவரையும் சேர்த்து அனுப்பினால் கணக்கு நேராகிறது. அவளே அதைக் கண்டுபிடித்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சேர்த்ததும் பச்சை வந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும், யானிஸே தண்டையார்பேட்டைக்கு வந்து இறங்கியது மாதிரி!

இந்தக் கருவியைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இந்த இடத்தில்தான் வருகிறது. அது சிவப்புக் காட்டினால் நம்பலாம். பச்சை காட்டினால், பணத்தின் பக்கம் தடை இல்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் வேலையில் தினமும் பார்ப்பது இது: கஸ்டம்ஸ் ட்யூட்டி கட்டியாகிவிட்டது என்பதற்காகக் கன்டெய்னர் தானாக ஹார்பர் கேட்டைத் தாண்டிவிடாது.

பணத்துக்கு அடுத்தது டிராஃப்ட் பிக், அதாவது வருடா வருடம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. எல்லா மெஷினும் இதை ஒழுங்காகக் கணக்கில் எடுப்பதில்லை, ஆகவே பிள்ளைகளுக்கு நானே சொல்லித் தந்துவிடுவேன். 2024-இல் மிகேல் பிரிட்ஜஸுக்காக நிக்ஸ் புரூக்ளினுக்குக் கொடுத்த தங்கள் சொந்த முதல் சுற்று பிக்குகள் எந்தெந்த ஆண்டுகளுக்கு? 2025, 2027, 2029, 2031. 2023-இல் கெவின் டுராண்டுக்காக பீனிக்ஸ் கொடுத்தவை? 2023, 2025, 2027, 2029. எல்லாமே ஒற்றைப்படையாக இருப்பது தற்செயல் கிடையாது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் முதலாளி டெட் ஸ்டெபியன் தன் அணியின் முதல் சுற்று பிக்குகளை வரிசையாக விற்றுத் தள்ளி அணியையே நாசமாக்கினார். அதற்குப் பிறகு, அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்று பிக் இல்லாத நிலைக்கு எந்த அணியும் போகக்கூடாது என்று விதி வந்தது. அதனால் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் கொடுக்கலாம், அதுவும் ஏழு வருடத்துக்குள். ஒற்றைப்படை எல்லாவற்றையும் பிரிட்ஜஸுக்கே கொடுத்துவிட்ட நிக்ஸால் அப்போது நடுவில் மிச்சமிருந்த தங்கள் பிக்குகளைத் தொட முடியவில்லை. தேர்வு வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் மட்டும் பேச முடிந்தது. யானிஸை விற்கும் அணி எதிர்காலத்துக்கு என்ன தருவாய் என்றுதானே முதலில் கேட்கும்? பச்சை வந்த பிறகும் அந்த ட்ரேடுக்கு வாய்ப்புக் குறைவு என்று நான் அவளிடம் சொன்னதற்குக் காரணம் இதுதான். அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆளின் மதிப்பு என்ன என்பது இந்த மெஷினுக்குச் சுத்தமாகத் தெரியாது. 2019-இல் பால் ஜார்ஜை வாங்க கிளிப்பர்ஸ் ஒக்லஹோமாவுக்கு ஐந்து முதல் சுற்று பிக்குகளையும், இரண்டு ஸ்வாப்களையும், கூடவே ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் கொடுத்தார்கள். ஷே அப்போது ஒரே ஒரு சீசன் ஆடி முடித்த பையன், புதுசாக வருகிறவர்களுக்கான சின்னச் சம்பள ரூக்கி ஒப்பந்தம். மெஷினில் அவர் ஒரு குட்டி எண். 2025-இல் அவர்தான் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி), அவர் அணிதான் சாம்பியன். அந்த பிக்குகளில் ஒன்றில் வந்தவர்தான் அதே சாம்பியன் அணியின் ஜேலன் வில்லியம்ஸ். சூப்பர் ஸ்டாரை வாங்கப் போன அணி இன்னொரு சூப்பர் ஸ்டாரையே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டது. சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. எங்கள் கோர்ட்டில் யாராவது "சின்னச் சம்பளக்காரன்தானே, குடுத்துடலாம்" என்றால் நான் ஷே பெயரைச் சொல்வேன், அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

ஆட்டக்காரரின் விருப்பம் இன்னொன்று. 2023 ஜூலையில் டேமியன் லில்லார்ட் போர்ட்லாந்தை விட்டுப் போகிறேன் என்றார், போனால் மயாமிதான் என்றும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கோடை முழுக்க மயாமி ரசிகர்கள் எத்தனை விதமாக மெஷினில் போட்டுப் பச்சை பார்த்திருப்பார்கள்! போர்ட்லாந்துக்கு மயாமி தருவது பிடிக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் அவர் மில்வாக்கிக்குப் போனார். கிடைத்த மில்வாக்கிக்காவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. 2025 ஏப்ரலில் குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநார் அறுந்தது; ஜூலையில் அவரை விடுவித்து, பாக்கிச் சம்பளம் 11 கோடி டாலருக்கு மேல் இருந்ததை ஐந்து வருடத்துக்குப் பிரித்துப் போட்டார்கள். ஆட்டக்காரர் அணியில் இல்லை, வருடத்துக்கு இரண்டேகால் கோடி டாலர் மட்டும் கணக்கில் உட்கார்ந்திருக்கும். சூப்பர் ஸ்டார் வருவாரா என்று கேட்கும்போது, வந்தால் அந்தச் சுமையை எத்தனை வருடம் தூக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

லூகா டான்சிச் விஷயம் இதற்கு நேர் எதிர். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. நமக்குக் காலை பத்தரை மணி தாண்டியிருக்கும், பிள்ளைகள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். லூகா லேக்கர்ஸுக்கு, ஆன்டனி டேவிஸ் டல்லஸுக்கு என்று செய்தி வந்தது. சொன்ன நிருபரின் எக்ஸ் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே உலகம் முழுக்கப் பேசினார்கள். லூகாவுக்கும் டேவிஸுக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 4 கோடியே 30 லட்சம் டாலர் அளவில். பணம் ஒரு பெரிய தடையாக இருந்திருக்காது. டல்லஸுக்கு டேவிஸ் போக மேக்ஸ் கிறிஸ்டியும் 2029 முதல் சுற்று பிக் ஒன்றும்தான் கிடைத்தன. கணக்கை நேர்செய்ய யூட்டா மூன்றாவது அணியாக நுழைந்தது. முந்தின வாரம் யாராவது என்னிடம் இதை மெஷினில் போட்டுக் காட்டியிருந்தால், பச்சையாகவே இருந்தாலும் டல்லஸ் ஒத்துக்கொள்ளாது என்றுதான் எல்லாரையும் போல நானும் சொல்லியிருப்பேன். டல்லஸின் ஜெனரல் மேனேஜர் மனதில் என்ன ஓடுகிறது என்பதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. அவரை அந்த நவம்பரில் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நம் ஊரில் இந்த மாதிரி ட்ரேட் என்ற பேச்சே இல்லை. ஒரு நல்ல ஆட்டக்காரர் ஐசிஎஃப்பிலோ, சதர்ன் ரயில்வேயிலோ, ஒரு பேங்க் அணியிலோ போய்ச் சேருகிறார் என்றால் அது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை ஆர்டர் வந்ததால். ட்ரயல்ஸ், வேகன்சி, வீட்டு நிலைமை என்று அதன் கணக்கே வேறு. எங்கள் கோர்ட்டுப் பிள்ளைகள் நாளைக்குச் சந்திக்கப் போவதும் அதைத்தான். ஆனாலும் ஒரு அணி ஏன் ஒருவரை எடுக்கிறது, ஏன் இன்னொருவரை விடுகிறது என்று இந்த வயதிலேயே யோசிக்கப் பழகுவது நல்லது. நான் ஆடிய காலத்தில் எங்களுக்கு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

அப்புறம் குறைகள். நான் அதிகம் பயன்படுத்திய ஒரு சைட்டில், போனில் திறந்தால் விளம்பரம் எழுந்து வந்து முக்கியமான பட்டனை மறைத்துக்கொள்ளும். மூடப் போனால் வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும். மூன்று அணிகளைச் சேர்த்தால் பட்டியல் திரைக்கு வெளியே ஓடிவிடும். லேப்டாப்பில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது போன்தான். சிவப்பு வந்தால் காரணத்தை வக்கீல் நோட்டீஸ் மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதை எளிமையாக விளக்க நாலு வரி எழுதினால் எத்தனை பேருக்கு உதவும்! தேதியையும் நீங்களே கவனிக்க வேண்டியிருக்கும். கோடையில் புது ஒப்பந்தம் போட்டவர்களில் பெரும்பாலோரை டிசம்பர் 15 வரை ட்ரேட் செய்ய முடியாது, சிலரை ஜனவரி 15 வரை.

இத்தனைக்குப் பிறகும் 5-க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன். ஒரு சீசன் இதோடு பழகிய பிள்ளை வாட்ஸ்அப்பில் வரும் ட்ரேட் புரளியைப் பார்த்ததும் அடுத்த க்ரூப்புக்குத் தள்ளிவிடுவதில்லை. "மூணாவது டீம் யாருக்கா?" என்று கேட்கிறது. ட்ரேட் செய்யக் கடைசி நாளான டெட்லைன் நாளில் நியூயார்க்கில் மதியம் மூன்று மணி என்றால் நமக்கு ராத்திரி ஒன்றரை. பரீட்சை நெருங்கும் நேரம் அது, அதனால் பள்ளிப் பிள்ளைகள் காலையில் பார்த்துக்கொள்ளட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வதந்தியில் தொடங்காமல், நடந்து முடிந்த ஒரு ட்ரேடைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். 2025 கோடையில் டுராண்ட் ஹூஸ்டனுக்குப் போனது நல்ல பாடம். ஜேலன் கிரீனுக்கு 3 கோடியே 33 லட்சம் டாலர், டில்லன் புரூக்ஸுக்கு 2 கோடியே 11 லட்சம். எதிர்ப்பக்கம் டுராண்டுக்கு 5 கோடியே 47 லட்சம். கூட்டிப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியை எந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தாண்டலாம் என்று யோசியுங்கள். பிறகு மெஷினைத் திறக்கலாம்.