பெட்ரோல் ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம்: 7,950 ரூபாய் செயின் ஷா பற்றி ஓர் எச்சரிக்கை

இணைய விற்பனைத் தளம் ஒன்றில் நான் வாங்கிய மரம் அறுக்கும் மெஷினைப் பற்றிய புகார் “தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது” என்று நேற்று மாலை எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. எதுவும் தீரவில்லை. 7,950 ரூபாய் திரும்பி வரவில்லை. மெஷின் தோட்டத்துக் கொட்டகையில் செத்துக் கிடக்கிறது. விலை குறைந்த இறக்குமதி செயின் ஷா வாங்கலாமா என்று ஏற்காடு மலையில் நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை பக்கமெல்லாம் தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பதால், அடுத்தவர் பணமும் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காப்பிப் பழம் பறித்து முடித்து, பூ மழையும் பெய்த பிறகு நிழல் மரங்களைக் கழித்துவிட வேண்டும் என்பது இந்த மலையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடை மழையோடு வரும் காற்றில் சில்வர் ஓக் ஒன்று சாய்ந்தால், அதன் மேல் ஏறிய மிளகுக் கொடியும் கீழே நிற்கும் காப்பிச் செடிகளும் சேர்ந்தே போகும். வாடகை மெஷினுக்குக் காத்திருந்தால் வேலை தள்ளிப்போகிறது. பெயர் பெற்ற கம்பெனி மெஷினின் விலையோ சிறு தோட்டக்காரருக்கு எட்டுவதில்லை. இந்த இடைவெளியில்தான் “58 சிசி, 22 அங்குலம், ஒரு வருட வாரண்டி” என்று 7,950 ரூபாய் விளம்பரம் கண்ணில் படுகிறது.

நான் விளம்பரத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டவில்லை. விசாரித்து எண் கொடுத்ததும் விற்பனையாளரே அழைத்தார். “ஏற்காடுங்களாண்ணா? என்ன மரம் அறுப்பீங்க?” என்று முதலில் கேட்டார். சில்வர் ஓக்கும் பலாவும் என்றேன். “பலா பால் விடும்ங்கண்ணா, அறுத்து முடிச்சதும் செயினைக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவிடுங்க, இல்லீன்னா ஒட்டிக்கும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பலாப்பாலைப் பற்றித் தானாகவே சொல்கிற ஆள் மெஷினைக் கையில் பிடித்து வேலை செய்தவராகத்தான் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றும். சேலத்திலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறது, எல்லா உதிரி பாகமும் கிடைக்கும், எதுவானாலும் தனக்கே அழைக்கலாம் என்று உறுதி சொன்னார். முன்கூட்டியே கட்டினால் பெட்டி உடனே கிளம்பும் என்றார். 7,950 ரூபாயையும் அப்போதே அனுப்பினேன்.

பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. வெளிநாட்டுப் பொருளைப் பொட்டலமாக விற்பவர் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு விற்றால், பின்னால் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டிய ஆளே இல்லாமல் போய்விடுகிறார் என்பதைப் பிறகுதான் முழுதாக உணர்ந்தேன்.

குறிப்புத்தாளில் 25-க்கு 1 என்று போட்டிருந்தபடி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) அளந்து கலந்தோம். செயினுக்கான ஆயிலைத் தனித் தொட்டியில் நிரப்பினோம். மெஷின் கிளம்பியது, சிறு கிளைகளை நன்றாகவே அறுத்தது. ஓர் அடி குறுக்களவுள்ள சில்வர் ஓக் துண்டில் வைத்த சற்று நேரத்தில் வெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. மெஷினை நிறுத்திப் பார்த்தால், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் முனை நீலம் பாய்ந்திருந்தது. செயினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. பாரின் முனையை வெள்ளைத் தாளுக்கு நேராகப் பிடித்து ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் தாளில் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தாள் வெள்ளையாகவே இருந்தது.

அதைவிட மோசமானது இதுதான். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, பாரின் முனை இலைகளுக்குள் மறைந்திருந்த ஒரு கிளையில் பட்டு, மெஷின் ஒரே எகிறலில் அறுத்துக்கொண்டிருந்தவரின் முகத்தை நோக்கித் திரும்பியது. முனையின் மேல் பாதி மரத்தில் பட்டால் எந்த செயின் ஷாவும் இப்படித் துள்ளும். அதற்காகத்தான் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். இடது மணிக்கட்டு அதில் மோதியதும் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுகப் பிடித்து, கண் இமைப்பதற்குள் செயினை நிறுத்திவிட வேண்டும். தடுப்பு முன்னால் சாய்ந்தது, செயின் நிற்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை அது இரண்டாகக் கிழித்துவிட்டுப் போனது. இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் இந்தப் பதிவு பணத்தைப் பற்றியதாக இருந்திருக்காது. அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன், அவர் வீட்டுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

அதன் பிறகு இழுத்தும் மெஷின் கிளம்பவில்லை.

விற்பனையாளரை அழைத்தேன். முதலில் “நாளைக்கு ஆள் வருவாருங்கண்ணா” என்றார். யாரும் வரவில்லை. அடுத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், வெளிச்சம் போதவில்லை, மறுபடி எடுக்கச் சொன்னார். அதுவும் அனுப்பிய பிறகு, “பெட்ரோல் ஊத்திட்டீங்க இல்லீங்களா, ஊத்தின மெஷினை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்” என்றார். பெட்ரோல் ஊற்றாமல் ஒரு மெஷின் ஓடுமா ஓடாதா என்று உலகத்தில் யாரால் சொல்ல முடியும்? ஏழு நாளில் மாற்றித் தருவோம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, சோதித்துப் பார்த்தவுடனேயே அந்த உரிமை போய்விடும்படி எங்கோ பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை வைத்திருப்பது பகல் கொள்ளை. பிறகு ஆயில் கலவை தவறு என்றார். கடைசியாக, “மலை மேல ஓட்டினா அப்படித்தான் ஆகும்” என்றார். அதற்குப் பின் என் எண்ணை எடுப்பதே இல்லை.

மலையைக் காரணம் சொன்னதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் கூடுதலாகிவிடும். புகை வரும், இழுவை குறையும், ஸ்பார்க் பிளக் கறுக்கும். கார்புரேட்டர் திருகைச் சற்றுத் திருகினால் சரியாகிவிடும். என் மெஷினைப் பிறகு மெக்கானிக் பிரித்தபோது தெரிந்ததோ பிஸ்டன் தேய்வு. அது இதற்கு நேர் எதிரான கோளாறு: எங்கோ காற்றுக் கசிந்து, பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்து, சூடேறி உராய்வதால் வருவது. ஏற்காட்டில் நம் மெஷின் நிறைய ஓடுகிறது என்று சொல்லி விற்றவரே ஏற்காட்டைக் குற்றம் சொல்கிறார்.

அவர் கொடுத்த சேலம் சர்வீஸ் சென்டர் முகவரிக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனேன். அங்கே இருந்தது பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. அந்தக் கடைக்காரர் பாவம், நொந்துபோய்ச் சொன்னார்: “உங்களுக்கு முன்னாடியே பல பேரு வந்து சத்தம் போட்டுட்டுப் போயிட்டாங்க சார். எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகவே டார்ச் அடித்துப் பிஸ்டனைக் காட்டினார். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தது. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் நகக்கண் அளவு வெடிப்பு. ஆயில் பம்பை ஓட்டும் பிளாஸ்டிக் பல் உருகி மெழுகுபோல் வழிந்திருந்தது. பிரேக் பட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. சிலிண்டரைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்தார்: உள்விட்டம் 45 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 34. கணக்குப் போட்டால் எஞ்சின் கொள்ளளவு 54 சிசிதான் வருகிறது. 58 வெறும் ஸ்டிக்கரில் இருக்கிறது. சரிசெய்ய அவர் சொன்ன தொகை மெஷின் விலையில் பாதிக்கு மேல். உதிரி பாகம் கிடைக்கும், ஆனால் ஒன்றோடொன்று அளவு ஒத்துவராது என்றும் சொன்னார்.

விற்பனைத் தளமோ, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். அவர்கள் தீர்த்தது புகாரை, குறையை அல்ல.

இந்த விலையில் ஒழுங்காக ஓடும் மெஷின்களும் உண்டு என்று அந்த மெக்கானிக்கே சொன்னார், இருக்கலாம். சமதரையில் விறகு துண்டு போடுகிறவர், தானே பிரித்து மாட்டத் தெரிந்தவர், வாங்கிப் பிழைக்கலாம். சரிவில் நின்று, கூலிக்கு வருபவர் கையில் கொடுத்து அறுக்கச் சொல்கிற மலைத் தோட்டக்காரர் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆயில் பம்பிலும் பிரேக்கிலும் மிச்சம் பிடித்துத்தான் அந்த விலை வருகிறது.

விரிவாக யோசனை எழுத நினைத்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. இறக்குமதியாளர் முகவரி இல்லாத பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள். முன்பணம் கட்டாதீர்கள். சர்வீஸ் சென்டர் என்று சொன்னால் பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ரசீதையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், நானும் பதிந்துவிட்டேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதால் இந்த 7,950 ரூபாய்க்காக அங்கேயும் போகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெட்ரோல் ஊற்றும் முன்பே தடுப்பை முன்னால் தள்ளிவிட்டு, கனமான கையுறை போட்டுக்கொண்டு செயினைக் கையால் இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் பிரேக் பிடிக்கவில்லை, அந்த மெஷினை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.