வாழைமட்டையிலிருந்து நானோசெல்லுலோஸ்: அமிலமா, டெம்போவா, அரைப்பா?

தார் வெட்டியதும் வாழை மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிடுவோம். காவிரிக் கரையில் வாழைத்தோப்பு பக்கம் போனால் மட்டைகள் குவிந்து அழுகிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு மட்டையை நகத்தால் கீறி இழுத்தால் பூக்கட்டும் நார் வரும். அந்த நாரைத் தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குள்ள இழைகளாகப் பிரித்தால் கிடைப்பதுதான் நானோசெல்லுலோஸ். எடை குறைவு, உறுதி அதிகம், மண்ணிலும் மக்கும்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, இழைகளைப் பசைபோல ஒட்டிவைத்திருக்கும் லிக்னினைக் கழற்றி, வெளுத்துக் கூழாக்குவது. தேங்காய் நாரில் லிக்னின் மிக அதிகம், அதனால் பாடும் அதிகம். வைக்கோலில் சிலிக்கா தொல்லை. வாழை இந்த இரண்டையும் விடச் சாதுவான பொருள். கூழுக்கு அப்புறம்தான் பாதைகள் பிரிகின்றன.

பழைய பாதை கந்தக அமிலம். 64 சதவீத அமிலத்தில் 45 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தால், இழையின் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து குச்சி போன்ற படிகங்கள் மிஞ்சும். கரைசலைக் குறுக்கு போலரைசர்களுக்கு (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தகடுகள்) இடையே வைத்துக் கலக்கினால் வண்ணங்கள் ஓடும், பார்க்க அழகு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வக முறையில் 1 கிலோ கூழுக்கு, தண்ணீர் நீங்கலாகச் சுமார் 10 கிலோ அமிலம் வேண்டும். அதைச் சுண்ணாம்பு போட்டு முறித்தால் 17 கிலோவுக்கு மேல் ஜிப்சம். கைக்கு வரும் படிகமோ பெரும்பாலும் அரை கிலோகூடத் தேறாது. அமிலத்தை மீட்கலாம்தான், ஆனால் நீர்த்த அமிலத்தைத் திரும்பச் செறிவாக்க எரிபொருள் செலவாகும். தோட்டக் கழிவைக் காப்பாற்றப் போய் அதைவிடப் பெரிய கழிவை உண்டாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டெம்போ முறை வேறு தரம். டெம்போ (TEMPO) என்பது ஒரு வினையூக்கியின் சுருக்கப் பெயர். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய், சுகுயுகி சைட்டோ குழு வளர்த்தெடுத்தது. இதற்காக 2015-இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசும் கிடைத்தது. 1 கிலோ கூழுக்கு 16 கிராம் டெம்போ, 100 கிராம் சோடியம் புரோமைடு, அப்புறம் நாம் வெளுக்கப் பயன்படுத்தும் அதே ஹைப்போகுளோரைட். வினை நடக்க நடக்க பி.எச். இறங்கிக்கொண்டே இருக்கும், காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு 10-இல் நிறுத்த வேண்டும். இறங்குவது நின்றால் வினை முடிந்தது என்று அர்த்தம். இழைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் ஏறி அவை ஒன்றையொன்று தள்ளும், அதனால் லேசாக அடித்தாலே 3, 4 நானோமீட்டர் இழைகளாகப் பிரியும். 1 சதவீதச் செறிவிலேயே கண்ணாடி போல ஜெல்லாகும். பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. தரத்தில் இதற்கு இணை இல்லை. குறை இரண்டு. டெம்போ விலை கூடியது. காய்ந்த படலம் காற்றை அருமையாகத் தடுக்கும், ஆனால் சென்னை போன்ற ஈரக்காற்றில் அந்தத் தடை தளர்ந்துவிடும். மருந்து, ஒப்பனைப் பொருள் என்றால் இதையே தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவது, வெறும் அரைப்பு. திருகை போல ஒரு கல் நிற்க, மறு கல் சுற்றும். நடுவே கூழ் திரும்பத் திரும்பப் போய் வரும். ரசாயனம் இல்லை, ஆனால் மின்சாரம் தின்னும். கூழை அப்படியே உயர் அழுத்தத்தில் செலுத்திய ஆரம்ப காலத்தில் டன்னுக்கு 20,000 யூனிட்டுக்கு மேல் ஆனதாகக் கணக்கு. செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதியில் சில மணி நேரம் ஊறவைத்து அப்புறம் அரைத்தால் இது பல மடங்கு குறைகிறது. இன்னொரு விஷயமும் உண்டு: கூழை ஒருமுறைகூடக் காயவிடக் கூடாது. காய்ந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், திரும்பப் பிரிவது கடினம். நாரில் செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் கொஞ்சம் மிச்சமிருந்தால் அந்த ஒட்டலைத் தடுக்கும். அதனால் பளிச்சென்று வெளுக்கிறேன் என்று அதையும் சேர்த்துத் தேய்த்தெடுப்பது வீண் வேலை.

பிளாஸ்டிக்கோடு கலக்க வேண்டுமென்றால் நீரை விரும்பும் இந்த இழையின் குணத்தை மாற்ற வேண்டும். அசெட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அசெட்டைலேற்றம் செய்வது, அதாவது இழையின் மேல் அசெட்டைல் தொகுதிகளை ஒட்டவைப்பது வழக்கம். அதற்கு முதலில் தண்ணீரை வெளியேற்றி வேறு கரைப்பான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்த அன்ஹைட்ரைடைத் தண்ணீரே தின்றுவிடும். காகிதத்தோடு கலக்க இந்தப் பாடே தேவையில்லை. காகிதக் கூழும் ஈரம்தான்.

அதனால் வாழைக்கு என் தேர்வு நொதியும் அரைப்பும்தான், அதுவும் காகித ஆலையின் வாசலிலேயே. கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். வாழைத்தோப்பும் அதே காவிரிக் கரையில்தான் இருக்கிறது. அரைத்த ஜெல்லில் இழை 2 சதவீதம் என்றால், 10 டன் லாரியில் 200 கிலோதான் இழை, மீதி 9,800 கிலோ தண்ணீர். அந்த லாரியை நூறு கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சப்படுத்தியதெல்லாம் டீசலுக்கே போய்விடும்.