பழைய புரொஜெக்டரின் சவுண்ட் ஹெட்: எக்சைட்டர் லேம்ப்பா, சிவப்பு எல்இடியா, ஹெட்டையே மாற்றுவதா?

ஓரம்கட்டி வைத்த 35 மி.மீ. புரொஜெக்டரைத் திரும்ப ஓட்டப் பார்ப்பவர்களுக்குப் படம் சீக்கிரம் வந்துவிடுகிறது, சத்தம்தான் வருவதில்லை. கேட், ஷட்டர், லென்ஸ் எல்லாம் துடைத்து எண்ணெய் விட்டால் ஓடும். பிலிமின் ஓரத்தில் படமாகப் பதிந்திருக்கும் ஒலித்தடத்தை, அதாவது டிராக்கை, படிக்கும் சவுண்ட் ஹெட் அப்படியில்லை. எக்சைட்டர் லேம்ப் என்ற சின்ன விளக்கின் வெளிச்சம் ஸ்லிட் என்ற மெல்லிய கோடாக டிராக்கில் விழும், ஊடுருவி வருவதை போட்டோ செல் மின்சாரமாக்கும், அதுதான் ஸ்பீக்கரில் சத்தமாகிறது. அதில் வெளிச்சம், கண்ணாடி, எலக்ட்ரானிக்ஸ், பேரிங் நான்கும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தாக வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள். முதலாவது, எக்சைட்டர் லேம்ப்பையும் போட்டோ செல்லையும் பழையபடியே புதுப்பிப்பது. இரண்டாவது, இரும்பு வேலையை அப்படியே வைத்துக்கொண்டு வெளிச்சத்தைச் சிவப்பு எல்இடியாகவும் செல்லை சிலிக்கானாகவும் மாற்றுவது. மூன்றாவது, மூடிய தியேட்டரிலிருந்து வந்த பிந்தைய கால சவுண்ட் ஹெட் ஒன்றைத் தூக்கி மாட்டுவது. நாங்கள் எடுத்தது இரண்டாவது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கும் யாருக்கும் அதையே சொல்வோம்.

வெளிநாடுகளில் சிவப்பு வெளிச்சத்துக்கு மாறக் காரணம் வேறு. அங்கே 2000க்குப் பிறகு வெள்ளி இல்லாமல் நீலப்பச்சைச் சாயத்தால் மட்டும் ஆன சயான் டிராக் வந்தது. எக்சைட்டர் லேம்ப்பின் வெளிச்சத்தில் பெரும்பங்கு அகச்சிவப்பு. சயான் சாயம் அதைத் தடுக்காமல் விட்டுவிடும், அதனால் சத்தம் சோகையாக வரும். சிவப்பு வெளிச்சத்தை அதே சாயம் நன்றாகத் தடுக்கும். ஆனால் நம் பக்கம் பெட்டிகளில் கிடப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தைய பிரிண்ட்கள். கோவை பட்சிராஜா, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோக்கள் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படமோ, எண்பதுகளின் கலர்ப் படமோ, எல்லாவற்றிலும் டிராக் வெள்ளிதான். வெள்ளிக்கு எந்த வெளிச்சமும் ஒன்றுதான். ஆகவே பிரிண்ட்டை வைத்து இங்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. கெட்டுப்போனால் நாளைக்கே, இதே ஊரில், யார் சரிசெய்வார்கள் என்ற கேள்விதான் முடிவு சொல்கிறது.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடலாம். பழைய இரும்புக் கடையில் ஹெட் கிடைக்கலாம், விலையும் எடைக் கணக்காக இருக்கலாம். ஆனால் பல எந்திரங்களில் சவுண்ட் ஹெட்தான் மோட்டாரையும் டிரைவ் கியரையும் தாங்குகிறது. வேறு ஹெட்டை மாட்டினால் போல்ட் ஓட்டை, கியர் மையம், எண்ணெய் வழி மூன்றும் இடிக்கும். படக் கேட்டிலிருந்து சத்தம் படிக்கும் இடம் வரை 20 ஃபிரேம், அதாவது 38 செ.மீ. பிலிம் இருக்க வேண்டும். ஹெட்டின் உயரம் மாறினால் இடையில் பிலிமைத் தளர்வாக விடும் வளைவை, அதாவது லூப்பை, கூட்டிக் குறைத்துத்தான் உதட்டசைவைப் பிடிக்க முடியும், லூப் மிக இறுகினால் பிலிம் கிழியும். ஒரே கம்பெனி, ஒரே வரிசை எந்திரம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

எக்சைட்டர் லேம்ப்பை நாங்கள் லேசில் ஒதுக்கவில்லை. அந்த ஸ்லிட் லென்ஸே அந்த இழைக்காகச் செய்தது. படுக்கைவாட்டில் நீண்ட சுருள், டிராக்கின் முழு அகலத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் தரும். நல்ல லேம்ப், நல்ல டிசி சப்ளை, உயிருள்ள செல் மூன்றும் அமைந்தால் பழைய படத்துக்கு அதைவிட இயல்பான சத்தம் கிடையாது. 10 வோல்ட் 5 ஆம்பியர் லேம்ப்பை 9 வோல்ட்டில் ஓட்டினால் வெளிச்சம் 30 சதவீதம்போல் குறையும், ஆயுள் மூன்று மடங்குக்கு மேல் கூடும். குறைவது 3 டெசிபல்தான், வால்யூமில் ஈடுகட்டிக்கொள்ளலாம். கையில் ஐந்தாறு லேம்ப் இருப்பு வைத்திருப்பவர் இதைச் செய்துகொண்டு நிம்மதியாக ஓட்டலாம்.

இருப்பு தீர்ந்த அன்றைக்குத்தான் சிக்கல். அதே வோல்ட், அதே ஆம்பியர் என்று வேறு லேம்ப்பை வாங்கினால் இழையின் உயரம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், ஸ்லிட்டில் வெளிச்சம் பாதிதான் விழும். 5 ஆம்பியர் ஓடும் சாக்கெட்டில் களிம்பு ஏறி 0.1 ஓம் தடை வந்தாலே அரை வோல்ட் போய்விடும். வயதான இழை தொய்ந்து, மோட்டார் அதிர்வில் ஆடி, அந்த ஆட்டமே ஸ்பீக்கரில் உறுமும். ஊர் நோம்பிக்கு ஜெனரேட்டரில் ஓட்டும்போது வோல்டேஜ் ஏறி இறங்கினால் வசனமும் ஏறி இறங்கும். வாயு நிரப்பிய பழைய கேஸ் போட்டோ செல் இன்னும் மோசம். அது செத்தால் அதற்கு மாற்று இன்னொரு பழைய செல்தான், அதன் ஆயுளை யாரும் சொல்ல முடியாது.

எல்இடி வேலையைத் தொடங்குமுன் இரும்பைச் சரிசெய்ய வேண்டும். சத்தம் படிக்கும் இடத்தில் பிலிமைத் தாங்கிச் சுழலும் உருளையான டிரம் ஆடினால் எந்த வெளிச்சம் போட்டாலும் நாதஸ்வரம் அழும். டிரம் தண்டைக் கழற்றி, பேரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு போனால் எந்த பேரிங் கடையிலும் இணை கிடைக்கும். ரப்பர் சீல் போட்டது வேண்டாம், இழுவை அதிகம். தகரத் தட்டு மூடியதை வாங்கி, உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு, இரண்டு சொட்டு ஸ்பிண்டில் ஆயில் விடுங்கள். நூல் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த எண்ணெய்க்கு அலைச்சலே இல்லை. பிறகு டயல் கேஜை வைத்து டிரம்மைச் சுற்றுங்கள். முள் மொத்தமாக 0.02 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 20 மி.மீ. ஆரமுள்ள டிரம்மில் அந்த அளவே வேகத்தை ஒவ்வொரு சுற்றிலும் 0.05 சதவீதம் கூட்டிக் குறைக்கும். அதற்கு மேல் போனால் கணபதி, பீளமேடு பக்கம் துல்லியமாக கிரைண்டிங் செய்யும் பட்டறையில் தண்டோடு சேர்த்தே கொடுங்கள். டிரம்மைத் தனியாகக் கடைந்து மாட்டினால் கோணல் திரும்ப வந்துவிடும்.

பிலிமை டிரம்மோடு அழுத்தும் ரப்பர் ரோலர் பெரும்பாலும் கல்லாகியிருக்கும், ஒரே இடத்தில் நின்று தட்டையாகவும் ஆகியிருக்கும். இதற்குக் கொங்கு நாட்டைவிட வாகான இடம் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் டாப் ரோலருக்கு காட்ஸ் என்ற ரப்பர் உறை மாட்டித் தேய்க்கிறார்களே, அதே கைப்பக்குவம்தான் இதற்கும் வேண்டும். ரோலரின் இரும்பு மையத்தைக் கொடுத்தால் புது ரப்பர் ஏற்றி, காட்ஸ் கிரைண்டிங் மெஷினில் வட்டம் பிசகாமல் தேய்த்துத் தருவார்கள். ரப்பரில் எண்ணெய் படக்கூடாது, பிலிம் வழுக்கும். டிரம்முக்குப் பின்னால் எண்ணெயில் மிதக்கும் பிளைவீல் கொண்ட ரோட்டரி ஸ்டெபிலைசர் இருந்தால் எண்ணெய் கசிந்து வற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வற்றியிருந்தால் ரீல் தொடங்கி நெடுநேரம் சத்தம் அலைபாயும்.

இனி வெளிச்சம். 660 நானோமீட்டர் அடர்சிவப்பு எல்இடி, 1 வாட் வகை, அதற்கு 100 மில்லி ஆம்பியர் போதும். எல்எம்317 ஐசியை நிலையான கரண்ட் தரும்படி கட்டி, 12 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 1.25 வோல்ட்டை 12 ஓமால் வகுத்து 104 மில்லி ஆம்பியர் வரும். சப்ளை 12 வோல்ட். ஐசி ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடாகும், சின்ன ஹீட் சிங்க் வையுங்கள். கடையில் கிடைக்கும் பல்பு டிரைவர் எதையும் இதில் போட வேண்டாம். அது கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கும், அந்த வெட்டு அப்படியே சீழ்க்கையாக ஸ்பீக்கரில் வரும். ஜெனரேட்டர் எப்படி ஆடினாலும் எல்எம்317 எல்இடியின் கரண்ட்டை ஆட விடாது.

ஆர்வத்தில் பலர் தவறுவது ஒரே இடத்தில். எல்இடி சிப் ஒரு சதுர மில்லிமீட்டர்தான், ஸ்லிட் படிக்கும் அகலமோ 2.13 மி.மீ. சிப்பை நேரே லென்ஸுக்குக் காட்டினால் நடுவில் பளீரென்றும் ஓரங்களில் மங்கலாகவும் இருக்கும். டிராக்கின் அலை ஓரம் தொடும் உரத்த வசனங்களில் சத்தம் நசுங்கும். எல்இடிக்கு முன்னால் பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு வையுங்கள், அல்லது மூன்று சின்ன எல்இடிகளைப் படுக்கைவாட்டில் வரிசையாக அமையுங்கள். சரிபார்க்க, படம் தொடங்குமுன் ஓடும் வெற்றுப் பிலிமான கறுப்பு லீடரில் நீளவாட்டில் ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறி, அதை டிரம்மின் குறுக்கே மெல்ல நகர்த்தி, செல்லின் வோல்ட்டை மீட்டரில் பாருங்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 10 சதவீதத்துக்குள் நின்றால் நல்ல வேலை.

செல்லுக்கு பிபிடபிள்யூ34 போட்டோடயோடு. அதை மாட்டுமுன் பழைய கேபிளில் மீட்டர் வைத்துப் பாருங்கள். கேஸ் செல்லுக்காக ஆம்ப்ளிஃபையர் 90 வோல்ட் அளவில் அனுப்பிக்கொண்டிருக்கும். அதைத் துண்டிக்காமல் சிலிக்கானை இணைத்தால் முதல் நிமிடமே போய்விடும். டயோடுக்கு இரண்டு அங்குலத் தூரத்தில், ஹெட்டுக்குள்ளேயே, டிஎல்072 ஐசியில் 1 மெகா ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டரும் அதற்கு இணையாக 5 பிகோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து ஒரு சின்ன ப்ரீஆம்ப். இந்த அளவில் 30 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும், நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே வேண்டும். எர்த்தை ஒரே இடத்தில் மட்டும் கட்டுங்கள். ஹெட்டின் உள்பக்கம் மங்கல் கறுப்பு பூசி, கதவு இடுக்கை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேபின் விளக்கும் சத்தமாகும்.

பிலிம் இல்லாமல் எந்திரத்தை ஓட்டும்போதே உறுமல் கேட்டால் அது 100 ஹெர்ட்ஸ், சப்ளையிலிருந்தோ விளக்கிலிருந்தோ வருகிறது. பிலிம் ஓடும்போது மட்டும் கேட்டால் 96 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு 4 துளை. ஸ்லிட் துளைப் பக்கம் தள்ளியிருக்கிறது, கைடு ரோலரை உள்ளே நகர்த்துங்கள். தடதடவென்று 24 ஹெர்ட்ஸ் என்றால் படத்தின் பக்கம் தள்ளியிருக்கிறது. ஸ்லிட் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று ஓசையால் காட்டும் ‘பஸ் டிராக்’ (buzz track) டெஸ்ட் பிலிம் இருந்தால் இந்த வேலை ஐந்து நிமிடம். சிவப்பு வெளிச்சத்துக்கு லென்ஸின் ஃபோகஸும் இம்மியளவு மாறும். பூட்டுத் திருகைத் தளர்த்தி, ஜால்ரா ஒலிக்கும் பாட்டு ஒன்றை ஓட்டி, ஓசை கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து லென்ஸ் குழலை இம்மி இம்மியாகத் திருப்பிச் சாய்வையும் சரிசெய்யுங்கள்.

மாற்றிய பிறகு சத்தம் புதுப்படம் மாதிரி ஆகிவிடாது. பழைய ஸ்லிட் சுமார் 0.03 மி.மீ. உயரம். பிலிம் நொடிக்கு 457 மி.மீ. ஓடும்போது 9 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.05 மி.மீ.தான், அந்த இடத்தில் சத்தம் பாதியாகிவிடும். மோனோ பிரிண்ட்டுக்கு இது குறையே இல்லை. அந்தக் காலத்துத் தியேட்டர் ஒலிக்கு வகுத்த அகாடமி அளவிலேயே 8 கிலோஹெர்ட்ஸில் 18 டெசிபல் குறைத்துத்தான் தியேட்டரில் கேட்டார்கள். புது ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் தூக்கலாகத் தெரிந்தால் அதே அளவுக்கு டிரெபிளை இறக்குங்கள், எல்இடியைக் குறை சொல்ல வேண்டாம். தொண்ணூறுகளின் ஸ்டீரியோ பிரிண்ட்தான் உங்களிடம் அதிகம் என்றால் எங்கள் கணக்கு அப்படியே பொருந்தாது. அதற்கு இரண்டு தடங்களையும் தனித்தனியே படிக்கும் பிளவுபட்ட செல்லும், மெல்லிய ஸ்லிட்டைச் செல்லின் பக்கம் வைத்த ரிவர்ஸ் ஸ்கேன் லென்ஸும் வேண்டும். மூன்றாவது வழி அப்போது கொஞ்சம் மேலே வரும்.

எல்இடியைத் தாங்கும் அலுமினியத் துண்டை, லேம்ப் உட்காரும் அதே அச்சில் உட்காரும்படி லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். ஹெட்டின் வார்ப்பில் புது ஓட்டை ஒன்றுகூடப் போட வேண்டியிருக்காது. கழற்றிய லேம்ப் சாக்கெட், போட்டோ செல், அதன் கேபிள் மூன்றையும் துணியில் சுற்றி எந்திரத்தோடே ஒரு டப்பாவில் வையுங்கள். லேம்ப் எங்காவது கிடைக்கிற நாளில் அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம்.