சென்னை – சிங்கப்பூர்: தூரம் சரி, நேரம்தான் உதைக்கிறது

பதினோரு வருடமாக வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இந்தத் தடத்தில் போய் வருகிறேன். டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும் காட்டும் தளங்களைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தூரத்தில் குறை சொல்ல முடியாது. சுமார் 2,900 கிலோமீட்டர். எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய அதேதான் வரும். நேரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் போல ஒரு வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரம் கூட வராது. டிக்கெட்டிலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். விமானம் இங்கே நகரத் தொடங்குவதிலிருந்து அங்கே போய் நிற்கிற வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்கும் முன் ஒரு சுற்று சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம்.

இந்தக் கணக்கை அம்மாவுக்குப் புரிய வைப்பது தனிக் கதை. சிங்கப்பூரில் எட்டு மணிக்குக் கிளம்பி சென்னையில் ஒன்பது நாற்பதுக்கு இறங்குவேன் என்றால், "அவ்வளவு சீக்கிரமாவா?" என்பார். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும், அதையும் கூட்டிச் சொன்னால், "அப்போ போகும்போது மட்டும் ஏன் ராத்திரி முழுக்க ஆகுது?" என்று அடுத்த கேள்வி வரும்.

கிழக்கே போனால் காற்று தள்ளிவிடும், சீக்கிரம் போகலாம் என்பார்கள். லண்டன் – டெல்லிக்கு அது பொருந்தும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கதையே வேறு. கீழே தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். உயரத்தில் அதற்கு எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஜெட் காற்றோட்டம் என்கிற வேகமான காற்று ஓடும். ஜூலையில் ஊருக்கு வரும்போது சில தடவை பதினைந்து நிமிடம் முன்னதாகவே இறங்கியிருக்கிறேன். திரும்பிப் போகும்போது அந்தச் சலுகை கிடையாது.

மறக்க முடியாத பாடம் கோலாலம்பூர் வழியாகப் போனதுதான். வரைபடத்தில் பாருங்கள், அந்த ஊர் கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து அங்கே 2,600 சொச்சம், அங்கிருந்து சிங்கப்பூர் 300. கூட்டினால் அதே 2,900! டிக்கெட்டும் மலிவு, விடுவேனா? முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டு, விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தனித்தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. தப்பு என்னுடையதும்தான்.

சரி, என் இப்போதைய கணக்கு: தாம்பரம் வீட்டிலிருந்து சிங்கப்பூர் வீடு வரை பத்து மணி நேரம். இதில் பறப்பது பாதி கூட இல்லை. அம்மாவிடம் இறங்கும் நேரத்தைச் சொல்வதையே விட்டுவிட்டேன். பெட்டி கைக்கு வந்ததும் கூப்பிடுவேன்; அதற்கப்புறம்தான் அவர் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார்.